மென்பொருள் செயல்முறை மதிப்பீட்டில் நிலையெண்ணும் மேம்பாடும்: ஐஎஸ்ஓ/ஐஇசி 15504, 33020 தரநிலைகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளின் தரம் அதனை உருவாக்கும் செயல்முறையின் தரத்தைச் சார்ந்தது என்னும் கருத்தை அடித்தளமாகக் கொண்டு எழுந்தவை செயல்முறை மதிப்பீட்டுத் தரநிலைகள். அவற்றுள் ஐஎஸ்ஓ/ஐஇசி 15504 தரநிலையும் அதன் வழிவந்த 33000 வரிசைத் தரநிலைகளும் பன்னாட்டு ஏற்புப் பெற்றவை. இவை, ஓர் அமைப்பு தன் செயல்முறையை மேம்படுத்திக்கொள்ளல், வழங்குநர் ஒருவரின் திறனை வாங்குநர் அறிதல் ஆகிய இரு நோக்கங்களை ஒரே அளவுகோலால் நிறைவேற்ற முனைகின்றன. இவ்விரு நோக்கங்களும் நடைமுறையில் ஒன்றையொன்று இடறுகின்றன என்பதும், அவ்விடறலின் மையத்தில் ‘திறன்நிலை’ என்னும் ஒற்றை எண் நிற்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். தரநிலையின் கணக்கீட்டு விதி, சான்று பற்றிய அதன் அணுகுமுறை, கள ஆய்வுகளின் முடிவுகள், சிறு அமைப்புகளின் நிலை ஆகியவற்றை ஆராய்ந்து, நிலையெண்ணைக் காட்டிலும் பண்புக்கூறுகளின் விவரப்படமே மேம்பாட்டிற்கு உதவும் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மென்பொருள் பொறியியல், செயல்முறை மதிப்பீடு, திறன்நிலை, முதிர்ச்சிநிலை, ஸ்பைஸ், பன்னாட்டுத் தரநிலை, சிறு அமைப்புகள்.

1. முன்னுரை

கட்டடம், பாலம், இயந்திரம் முதலியவற்றின் தரத்தை அவற்றையே அளந்து அறியலாம். மென்பொருளை அவ்வாறு அளப்பது அரிது. ஒரு நிரலுக்கு வரக்கூடிய உள்ளீடுகள் அனைத்தையும் சோதித்து முடித்தல் பெரும்பாலும் இயலாது. சோதனையில் வெளிப்படாத குறைபாடு பயன்பாட்டில் வெளிப்படலாம். இந்நிலையில், விளைபொருளை முழுமையாக அளக்க இயலாதபோது அது விளைந்த வழியை அளக்கலாம் என்னும் எண்ணம் தோன்றியது இயல்பே. செயல்முறை மதிப்பீடு என்னும் துறை இவ்வெண்ணத்திலிருந்து கிளைத்தது.

கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்துறை பன்னாட்டுத் தரநிலைகளாகவும், சான்றளிப்பு முறைகளாகவும், ஒப்பந்த நிபந்தனைகளாகவும் வளர்ந்துள்ளது. ஒரு நிறுவனம் எந்த நிலையில் உள்ளது என்பது அது பெறும் பணிகளையே முடிவு செய்யும் அளவிற்கு நிலையெண் வலிமை பெற்றுவிட்டது. எனவே அவ்வெண் எவ்வாறு பிறக்கிறது, எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என்னும் வினாக்கள் வெறும் நுட்ப வினாக்களாக நின்றுவிடுவதில்லை. மென்பொருளைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்பும், அதனை உருவாக்குவோரின் உழைப்பும், சிறு நிறுவனங்களின் வாய்ப்பும் அவற்றோடு பிணைந்துள்ளன.

2. வரலாற்றுப் பின்னணி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் நிதியுதவியுடன் 1984-ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. ஐபிஎம் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ஃப்ரி 1986-இல் அங்குச் சேர்ந்தார். அமெரிக்க வான்படை தனக்கு மென்பொருள் உருவாக்கித் தரும் ஒப்பந்ததாரர்களின் திறனை அறிய ஒரு வழி வேண்டியதன் விளைவாக, 1987-இல் ஆம்–இல்லை என விடைதரும் வினாப்பட்டியல் ஒன்று உருவானது. இவ்வினாப்பட்டியலும் ஹம்ஃப்ரி வகுத்த ஐந்துநிலைச் சட்டகமும் இணைந்து, 1991-இல் சிஎம்எம் எனப்படும் திறன் முதிர்ச்சி மாதிரியாக வெளிவந்தன. 1993-இல் அதன் 1.1 பதிப்பு வெளியாயிற்று. தர மேலாண்மைக்கு ஐந்து படிகள் கொண்ட முதிர்ச்சிக் கட்டம் ஒன்றை ஃபிலிப் கிராஸ்பி 1979-லேயே முன்வைத்திருந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. தொழிற்சாலை உற்பத்தியைக் கருதி எழுந்த படிநிலைச் சிந்தனை, மென்பொருளுக்குப் பெயர்க்கப்பட்டது எனலாம்.

இதே காலத்தில் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் வெவ்வேறு மதிப்பீட்டு முறைகள் தோன்றின. முறைக்கு ஒரு முடிவு கிடைத்தால் ஒப்பீடு இயலாது என்பதனால், பன்னாட்டுத் தரப்படுத்தல் அமைப்பும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமும் இணைந்த குழுவின்கீழ் 1993-இல் ஸ்பைஸ் திட்டம் தொடங்கியது. அதன் விளைவு 1998-இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 15504 என்னும் எண்ணில் தொழில்நுட்ப அறிக்கையாகவும், 2003 முதல் 2006 வரையிலான ஆண்டுகளில் முழுமையான பன்னாட்டுத் தரநிலையின் ஐந்து பகுதிகளாகவும் வெளிவந்தது. 2015-இல் 33001 முதலான தரநிலைகள் அதன் இடத்தைப் பெறத் தொடங்கின. அவற்றுள் 33020 செயல்முறைத் திறனை அளக்கும் சட்டகத்தைக் கூறுவது. வாகனத் தொழிலில் இதன் வழிவந்த ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ் இன்று பெருவழக்காக உள்ளது, அதன் 4.0 பதிப்பு 2023-இல் வெளியானது.

ஸ்பைஸ் என்னும் சுருக்கப்பெயரின் விரிவு ‘மென்பொருள் செயல்முறை மேம்பாடும் திறன் அறிதலும்’ என்பதாகும். மேம்பாடு என்பது அமைப்பு தன்னைத் தானே நோக்குவது. திறன் அறிதல் என்பது பிறர் அவ்வமைப்பை நோக்குவது. இரு வேறு நோக்குகள் பெயரிலேயே ஒருங்கே அமைந்துள்ளமை கருதத்தக்கது. இக்கட்டுரை எழுப்பும் சிக்கலின் வித்து இப்பெயரிலேயே உள்ளது.

3. மதிப்பீட்டுச் சட்டகத்தின் அமைப்பு

15504 தரநிலையின் தலையாய பங்களிப்பு, மதிப்பீட்டை இரு பரிமாணங்களாகப் பகுத்தமை ஆகும். முதற்பரிமாணம் செயல்முறைகள் எவை என்பதைக் கூறுகிறது. தேவைப் பகுப்பாய்வு, வடிவமைப்பு, சோதனை, உள்ளமைவு மேலாண்மை, திட்ட மேலாண்மை முதலியன இதில் அடங்கும். மென்பொருள் வாழ்க்கைச்சுழல் செயல்முறைகளைத் தொகுத்துரைக்கும் ஐஎஸ்ஓ/ஐஇசி 12207 போன்ற தரநிலை இதற்கு ஆதார மாதிரியாக அமைகிறது. இரண்டாம் பரிமாணம், அச்செயல்முறைகள் ஒவ்வொன்றும் எவ்வளவு திறனுடன் நடைபெறுகின்றன என்பதைக் கூறுகிறது.

இரண்டாம் பரிமாணத்தில் 0 முதல் 5 வரை ஆறு நிலைகள் உள்ளன. முற்றுப்பெறாதது, நிறைவேற்றப்படுவது, மேலாளப்படுவது, நிலைநிறுத்தப்பட்டது, முன்கணிக்கத்தக்கது என்பன முதல் ஐந்து. இறுதிநிலையை 15504 தரநிலை ‘உகப்பாக்கப்படுவது’ என்றும், 33020 தரநிலை ‘புதுமைகாண்பது’ என்றும் பெயரிட்டுள்ளன. முதல்நிலைக்கு ஒரு பண்புக்கூறும், இரண்டு முதல் ஐந்து வரையிலான நிலைகள் ஒவ்வொன்றிற்கும் இரண்டு பண்புக்கூறுகளுமாக மொத்தம் ஒன்பது பண்புக்கூறுகள் வகுக்கப்பட்டுள்ளன. பண்புக்கூறு ஒவ்வொன்றும் நான்கு தரங்களுள் ஒன்றைப் பெறும். அடைவு 15 விழுக்காடு வரை இருப்பின் ‘எய்தவில்லை’. 15-க்கு மேல் 50 வரை ‘ஓரளவு எய்தியது’. 50-க்கு மேல் 85 வரை ‘பெரும்பாலும் எய்தியது’. 85-க்கு மேல் ‘முழுமையாக எய்தியது’.

சிஎம்எம் மாதிரி ஓர் அமைப்பு முழுமைக்கும் ஒரே எண்ணை வழங்கியது. 15504 தரநிலையோ ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனியே நிலை வழங்குகிறது. சோதனையில் மூன்றாம் நிலையும் தேவைப் பகுப்பாய்வில் முதல்நிலையும் கொண்ட அமைப்பு, தன் வலிவும் மெலிவும் எங்குள்ளன என்பதை இதனால் அறிய இயலும். சிஎம்எம்-இன் வழித்தோன்றலான சிஎம்எம்ஐ, படிநிலை வடிவத்துடன் தொடர்வடிவத்தையும் ஏற்றமைக்கு இவ்விருபரிமாணச் சிந்தனையும் ஒரு காரணம். கோட்பாட்டளவில் இது தெளிவான முன்னேற்றம்.

4. நிலையெண்ணின் கணக்கு

ஒரு செயல்முறை குறிப்பிட்ட நிலையை அடைந்ததெனக் கொள்ளுவதற்கு இரு நிபந்தனைகள் உள்ளன. அந்நிலைக்குரிய பண்புக்கூறுகள் ‘பெரும்பாலும்’ அல்லது ‘முழுமையாக’ எய்தப்பட்டிருத்தல் வேண்டும். அதற்குக் கீழுள்ள நிலைகளின் பண்புக்கூறுகள் அனைத்தும் ‘முழுமையாக’ எய்தப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விதி எளியது, ஆயினும் அதன் விளைவுகள் எளியன அல்ல. பின்வரும் கற்பனை எடுத்துக்காட்டு இதனை விளக்கும்.

அ, ஆ என இரு செயல்முறைகளைக் கொள்வோம். அ-வின் முதல்நிலைப் பண்புக்கூறு 86 விழுக்காடும், இரண்டாம் நிலையின் பண்புக்கூறுகள் இரண்டும் 51 விழுக்காடும் அடைவு பெற்றுள்ளன. முதல்நிலை ‘முழுமை’, இரண்டாம் நிலை ‘பெரும்பான்மை’ என்பதால் அ இரண்டாம் நிலையை எய்துகிறது. ஆ-வின் முதல்நிலைப் பண்புக்கூறு 85 விழுக்காடும், இரண்டாம் நிலையின் பண்புக்கூறுகள் இரண்டும் 100 விழுக்காடும் அடைவு பெற்றுள்ளன. முதல்நிலை ‘பெரும்பான்மை’ அளவிலேயே நின்றதால் ஆ முதல்நிலையிலேயே தங்கிவிடுகிறது. பணியை நிறைவேற்றுவதில் இரண்டிற்கும் இடையே ஒரு விழுக்காட்டு வேறுபாடே உள்ளது. மேலாண்மையிலோ ஆ பெரிதும் முந்தி நிற்கிறது. ஆயினும் நிலையெண் அ-வை மேலாகக் காட்டுகிறது.

பணி சரிவர நிறைவேறாத இடத்தில் மேலாண்மை மட்டும் சிறந்திருப்பது பயனற்றது என்பது இவ்விதிக்குச் சொல்லப்படும் நியாயம். அந்நியாயம் மறுக்கத்தக்கதன்று. ஆனால் எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள அடைவுகளை ஒரு விழுக்காட்டு நுண்மையுடன் பிரித்தறியும் ஆற்றல் எந்த மதிப்பீட்டிற்கும் இல்லை. மதிப்பீட்டாளர் நேர்காணலிலும் ஆவணங்களிலும் கண்டவற்றைக்கொண்டு எடுக்கும் முடிவே அவ்விழுக்காடு. 33020 தரநிலை ‘ஓரளவு’, ‘பெரும்பாலும்’ ஆகிய இடைத்தரங்களை மேலும் இரண்டிரண்டாகப் பகுத்துக்கொள்ள இடமளிப்பது இக்குறையை உணர்ந்ததன் அடையாளம் எனலாம். எனினும் நிலையை முடிவுசெய்யும் எல்லைகள் மாறவில்லை.

அளவீட்டுக் கோட்பாட்டின் நோக்கில் மற்றொரு சிக்கலும் உண்டு. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் அளவுகோல்களை நான்காக வகைப்படுத்தினார். அவற்றுள் வரிசை அளவுகோல் முன்பின் உறவை மட்டுமே காட்டும். இடைவெளிகள் சமம் என்று காட்டாது. திறன்நிலை வரிசை அளவுகோலைச் சார்ந்தது. ஒன்றிலிருந்து இரண்டிற்குச் செல்வதும் மூன்றிலிருந்து நான்கிற்குச் செல்வதும் ஒரே அளவு முன்னேற்றம் என்று கொள்ள இடமில்லை. அவ்வாறிருக்க, பல செயல்முறைகளின் நிலைகளைக் கூட்டிச் சராசரி கண்டு, அமைப்பின் நிலை 2.4 என்று அறிக்கைகளில் குறிப்பது பொருளற்றதாகும்.

5. சான்றும் உள்ளடக்கமும்

மதிப்பீட்டாளர் தம் முடிவிற்குச் சான்றாகக் கொள்பவை செயற்பாடுகளும் பணிவிளைவுகளுமாகும். மீளாய்வு நடந்ததா எனின், நடந்தமைக்கான பதிவு காட்டப்படுகிறது. தேவைகள் வரையறுக்கப்பட்டனவா எனின், தேவை ஆவணம் காட்டப்படுகிறது. சான்றில்லா முடிவு ஏற்கப்படாமை தரநிலையின் ஒழுக்கத்தைக் காட்டுகிறது. ஆனால் பதிவின் இருப்பை அறிவது எளிது. மீளாய்வின் ஆழத்தை அறிவது கடினம். எளிதில் காணத்தக்கது மதிப்பெண்ணில் மிகுந்த இடம்பெறுவது எல்லா மதிப்பீடுகளுக்கும் பொதுவான இயல்பு.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் ஏரியான் 5 ஏவூர்தியின் முதற்பயணம் ஏறத்தாழ 40 நொடிகளில் அழிவில் முடிந்தமை இதற்குத் தக்க விளக்கமாகும். ஏவூர்தியின் நிலையையும் அசைவையும் உணரும் அமைப்பில், 64 துகள் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 துகள் முழுவெண்ணாக மாற்றும்போது மதிப்பு எல்லையை மீறியது. அம்மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து எடுத்தாளப்பட்டது; பழைய ஏவூர்தியின் பாதையில் அம்மதிப்பு எல்லையை மீறியதில்லை. மாற்றுக்கருவியும் அதே மென்பொருளைக் கொண்டிருந்ததால் அதுவும் அதே காரணத்தால் செயலிழந்தது. மேலும், பிழை நேர்ந்த கணக்கீடு ஏவூர்தி மேலெழுந்த பின்னர் ஏரியான் 5-க்குத் தேவைப்படாத ஒன்று. ஷாக் லூயி லயோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, ஏரியான் 5-இன் பாதைத் தரவுகள் அவ்வமைப்பின் தேவை ஆவணத்தில் இடம்பெறவில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. காப்பற்று விடப்பட்ட மாறிகள் பற்றிய முடிவும் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. திட்டப் பங்காளர்கள் கூடி எடுத்த முடிவே அது.

இந்நிகழ்வில் ஆவணம் இருந்தது, மீளாய்வுகளும் நடந்தன. தேவை ஆவணம் உள்ளதா என்னும் வினாவிற்கு ஆம் என்பதே விடை. புதிய ஏவூர்தியின் பாதை அதில் இடம்பெற்றுள்ளதா என்னும் வினாவே உயிர்நாடியானது. அதனை எழுப்புவதற்குச் செயல்முறை அறிவு போதாது, துறையறிவு வேண்டும். 15504 தரநிலை முதல்நிலைப் பண்புக்கூற்றில் செயல்முறையின் பயன்விளைவுகள் எய்தப்பட்டனவா என்று வினவுகிறது. ஆகவே இவ்வினாவிற்குத் தரநிலையில் இடமே இல்லை என்று கூற இயலாது. இடம் உண்டு, அதனை நிரப்பும் தகுதி மதிப்பீட்டாளரின் துறையறிவைச் சார்ந்தது. நிலையெண் அவ்வறிவின் அளவை வெளிக்காட்டுவதில்லை.

6. இரு நோக்கங்களின் மோதல்

மேம்பாட்டிற்காக மதிப்பீடு செய்யப்படும்போது குறைகளைக் கூறுவோர் அமைப்பிற்கு நன்மை செய்கின்றனர். ஒப்பந்தம் பெறுவதற்காக மதிப்பீடு செய்யப்படும்போது குறைகளைக் கூறுவோர் அமைப்பிற்கு இழப்பை உண்டாக்குகின்றனர். கேட்கப்படும் வினா ஒன்றே. ஆனால் விடையளிப்போரின் நிலை தலைகீழாகிறது. பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை குறித்து முன்வைத்த கருத்து இங்குப் பொருந்தும். ஓர் அளவீட்டைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கியதும், அதுவரை அவ்வளவீட்டிற்கு இருந்த நம்பகத்தன்மை குலைகிறது என்பது அதன் சாரம். உயர்கல்வி நிறுவனங்களின் தரமதிப்பீட்டுக் குழு வருகைக்காகக் கோப்புகளை அணியமாக்கிப் பழகிய ஆசிரியர்களுக்கு இந்நிலையை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இவ்விடர்ப்பாட்டை முதலில் எடுத்துரைத்தோருள் டெர்ரி பாலிங்கரும் கிளெமென்ட் மெக்கோவனும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் 1991-இல் எழுதிய கட்டுரை, 1987-ஆம் ஆண்டு வினாப்பட்டியலின் மதிப்பெண் முறை ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கப் போதிய நம்பகத்தன்மை உடையதன்று எனக் காட்டியது. ஹம்ஃப்ரியும் பில் கர்டிஸும் அதே இதழில் மறுமொழி அளித்தனர். 1994-இல் ஜேம்ஸ் பாக் வேறொரு கோணத்தில் சிஎம்எம் மாதிரியை மறுத்தார். அதற்கு முறையான கோட்பாட்டு அடித்தளம் இல்லை என்பதும், அது செயல்முறையைப் போற்றி மனிதரை மறக்கிறது என்பதும் அவர்தம் குற்றச்சாட்டுகள். 2001-இல் பதினேழு மென்பொருளாளர்கள் வெளியிட்ட அஜைல் அறிக்கை, செயல்முறைகளையும் கருவிகளையும்விட மனிதருக்கும் அவர்தம் ஊடாட்டத்திற்கும் முதன்மை தந்தது இவ்விவாதத்தின் தொடர்ச்சியே.

இந்தியச் சூழலில் இச்சிக்கல் தனி வடிவம் பெற்றது. அயல்நாட்டு வாங்குநர் கண்ணில் காணாத நிறுவனத்தை நம்புவதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. முதிர்ச்சிநிலை அவ்வடையாளமாயிற்று. பெங்களூரில் இயங்கிய மோட்டோரோலா நிறுவனத்தின் மென்பொருள் பிரிவு 1990-களின் முற்பாதியிலேயே ஐந்தாம் நிலையை எய்தியது. அடுத்த சில ஆண்டுகளில் உலகின் ஐந்தாம் நிலை அமைப்புகளுள் கணிசமான பங்கு இந்தியாவில் அமைந்தது. சென்னையில் 2000-ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரியின் பெயரிலேயே மென்பொருள் தர நிறுவனம் ஒன்று உருவானது. இவ்வளர்ச்சியில் உண்மையான ஒழுங்கும் பயிற்சியும் இருந்தன என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில், மதிப்பீடு ஓர் அமைப்பலகிற்கும் அதிலிருந்து தேர்ந்த திட்டங்களுக்கும் உரியதாயிருக்க, விளம்பரத்தில் அது நிறுவனம் முழுமைக்கும் உரியதாக விரிவதும் வழக்கமாயிற்று. அடையாளமாகப் பயன்பட்ட எண், மேம்பாட்டின் கருவியாகவும் அதே அளவு பயன்பட்டதா என்பதே ஆராயத்தக்க வினா.

33002 தரநிலை மதிப்பீட்டின் கடுமைக்கேற்ப மூன்று வகுப்புகளையும், மதிப்பீட்டாளரின் சார்பின்மைக்கேற்ப நான்கு வகைகளையும் வரையறுத்துள்ளது. எந்நோக்கத்திற்கு எவ்வளவு கடுமை தேவை என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய இது வழிவகுக்கிறது. மோதலைத் தணிக்கத் தரநிலைக்குள்ளேயே அமைந்த வழி இது. ஆயினும் வெளியுலகிற்குச் செல்லும்போது வகுப்பும் வகையும் உதிர்ந்து எண் மட்டுமே எஞ்சுகிறது.

7. கள ஆய்வுகள் காட்டுவன

திறன்நிலை உயர்ந்தால் பயன் உயருமா என்பது அனுபவத்தால் விடைகாண வேண்டிய வினா. தரநிலை வெளியாவதற்கு முன்னரே கள ஆய்வுகளைத் தொடங்கியது ஸ்பைஸ் திட்டத்தின் பாராட்டத்தக்க செயல். மென்பொருள் பொறியியல் தரநிலைகளுள் இவ்வாறு திட்டமிட்ட சோதனைக்கு உட்பட்டவை சிலவே. இரு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே மதிப்பிடின் ஒரே முடிவை எட்டுவரா என்பதும் அச்சோதனைகளில் ஆராயப்பட்டது.

காலித் எல் எமாம், ஆந்திரெயாஸ் பிர்க் ஆகியோர் 2000-ஆம் ஆண்டில் தேவைப் பகுப்பாய்வுச் செயல்முறையின் திறனையும் திட்டங்களின் வெற்றியையும் ஒப்பிட்டனர். பெரிய அமைப்புகளில் உயர்ந்த திறனுக்கும் உற்பத்தித்திறனுக்கும் இடையே வலுவான தொடர்பு காணப்பட்டது. சிறிய அமைப்புகளில் அத்தொடர்புக்கான சான்று வலுவற்றதாயிருந்தது. இம்முடிவு இரு வகையில் கருதத்தக்கது. தரநிலை வெறும் ஆவணச் சடங்கு என்னும் குற்றச்சாட்டை அது தளர்த்துகிறது. அதே வேளையில், ஒரே அளவுகோல் எல்லா அமைப்புகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை என்றும் காட்டுகிறது.

ஹம்ஃப்ரியின் பிற்காலப் பணியும் இங்கு நோக்கத்தக்கது. அமைப்பு முழுமையையும் அளந்த அவர், 1990-களின் நடுவில் தனிப் பொறியாளர் ஒருவர் தம் நேரத்தையும் குறைபாடுகளையும் தாமே பதிந்து கற்கும் தனியாள் மென்பொருள் செயல்முறையை முன்வைத்தார். மேம்பாடு நிகழும் இடம் பொறியாளரின் மேசை என்பதை இந்நகர்வு ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அம்முறையில் திரட்டப்பட்ட தரவுகளை ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-இல் ஆராய்ந்தபோது, பதிவிலும் கணக்கிலும் பல பிழைகள் இருப்பதைக் கண்டனர். அளப்பவரே அளவிடப்படும்போதும் தரவின் தரம் தானாக அமைந்துவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

8. சிறு அமைப்புகளின் இடம்

பெரிய ஒப்பந்ததாரர்களைக் கருதி எழுந்த மாதிரிகள், ஐந்து அல்லது பத்துப் பேர் பணியாற்றும் அமைப்பிற்குப் பொருந்தாத சுமையாகின்றன. தனித் தரக்குழு, செயல்முறைக் குழு, அளவீட்டுக் களஞ்சியம் ஆகியவற்றிற்கு அங்கு ஆளில்லை. இக்குறையை உணர்ந்து செயற்பட்டவற்றுள் வளரும் நாடுகளும் உண்டு. மெக்சிகோ நாட்டின் மோப்ரோசாஃப்ட் மாதிரி 2005-இல் அந்நாட்டுத் தரநிலையாயிற்று. பிரேசில் நாடு 2003-இன் இறுதியில் தொடங்கிய எம்பிஎஸ்.பிஆர் திட்டம், ஐந்து நிலைகளுக்குப் பதிலாக ஏழு நிலைகளை வகுத்தது. படிகளின் உயரம் குறைந்தால் சிறு நிறுவனமும் ஏற இயலும் என்பது அதன் அடிப்படை.

மெக்சிகோ மாதிரியை ஆதாரமாகக் கொண்டு 2011 முதல் வெளிவந்த ஐஎஸ்ஓ/ஐஇசி 29110 வரிசை, 25 பேர் வரை கொண்ட மிகச்சிறு அமைப்புகளுக்கென வகுக்கப்பட்டது. அதன் அடிப்படை விவரத்தொகுப்பில் திட்ட மேலாண்மை, மென்பொருள் ஆக்கம் என இரண்டு செயல்முறைகளே உள்ளன. அதன் செயல்வழிகாட்டிகள் விலையின்றிக் கிடைப்பதும் குறிப்பிடத்தக்கது. தமிழுக்கான எழுத்துணரி, சொற்பிழை திருத்தி, அகராதிச் செயலி முதலியவற்றை உருவாக்குவோர் பெரும்பாலும் தனியாட்களும் சிறு குழுக்களுமாக இருப்பதால், இவ்வரிசை தமிழ்க் கணிமைக்கும் பொருத்தமுடையது. ஒருவர் விலகியதும் கருவியும் மறையும் நிலை ஏற்படாதிருக்க, பதிப்புக் கட்டுப்பாடு, மாற்றப் பதிவு, சோதனைத் தரவு ஆகிய மூன்றையேனும் ஒழுங்குபடுத்துவதற்கு நிலையெண் எதுவும் தேவையில்லை.

9. மேம்பாட்டிற்குரிய நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து தரநிலைகளைக் கைவிட வேண்டும் என்னும் முடிவு பெறப்படுவதில்லை. செயல்முறை என்பதற்குப் பொதுவான சொல்வழக்கையும், குறைகளை நபர்மீது சுமத்தாமல் பணியின் அமைப்பில் தேடும் நோக்கையும் அவை தந்துள்ளன. எனினும் அவற்றைப் பயன்படுத்தும் முறையில் நான்கு மாற்றங்கள் வேண்டற்பாலன.

முதலாவதாக, அறிக்கையின் மையமாக நிலையெண் அமையாமல் பண்புக்கூறுகளின் விவரப்படம் அமைதல் வேண்டும். மேலே கண்ட அ, ஆ எடுத்துக்காட்டில் எண் மறைத்த உண்மையை விவரப்படம் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

இரண்டாவதாக, மதிப்பிடப்படும் செயல்முறைகள் அமைப்பின் உண்மையான இடரிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுதல் வேண்டும். வாடிக்கையாளர் முறையீடுகள் தேவைக் குழப்பத்தால் எழுமாயின், சோதனைச் செயல்முறையை நான்காம் நிலைக்கு உயர்த்துவதால் பயனில்லை.

மூன்றாவதாக, செயல்முறை அடைவு விளைபொருள் அளவீட்டுடன் இணைத்து நோக்கப்படுதல் வேண்டும். வெளியீட்டிற்குப் பின் கண்டறியப்படும் குறைபாடுகள், மறுபணிக்குச் செலவான நேரம் ஆகியன நிலை உயர்ந்த பின்னரும் மாறாதிருப்பின், உயர்ந்தது எது என்னும் வினாவை அமைப்பு தன்னிடமே கேட்டல் தகும். 2018-இல் வெளிவந்த சிஎம்எம்ஐ 2.0 பதிப்பு செயல்திறன் விளைவுகளுக்கு முன்னிலும் மிகுந்த இடமளித்தமை இத்திசையில் ஒரு நகர்வாகும்.

நான்காவதாக, மேம்பாட்டு மதிப்பீடும் ஒப்பந்த மதிப்பீடும் தனித்தனியே நடைபெறுதல் வேண்டும். முன்னதில் கூறப்பட்டவை பின்னதில் சான்றாகக் கொள்ளப்படமாட்டா என்னும் உறுதியிருந்தால் மட்டுமே பொறியாளர் உள்ளதை உள்ளவாறு கூறுவர். மதிப்பீட்டுக் குழுவில் செயல்முறை வல்லுநரோடு துறையறிவு உடையவர் ஒருவரேனும் இடம்பெறுதலும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

முடிவுரை

ஐஎஸ்ஓ/ஐஇசி 15504 தரநிலையும் 33000 வரிசையும் மென்பொருள் பொறியியலுக்கு ஒழுங்கான நோக்கு ஒன்றை வழங்கியுள்ளன. செயல்முறையையும் திறனையும் இரு பரிமாணங்களாகப் பகுத்தமை அவற்றின் நிலைத்த பங்களிப்பு. அப்பகுப்பு தந்த விரிவான அறிவை ஒற்றை எண்ணாகச் சுருக்கும்போது, வரிசை அளவுகோலின் வரம்பும், எல்லைக்கோட்டின் தற்செயலும், ஆவணச் சான்றின் போதாமையும் கண்ணுக்கு மறைகின்றன. அவ்வெண் ஒப்பந்தத்தின் நுழைவுச்சீட்டாகும்போது மேம்பாட்டு நோக்கம் பின்தள்ளப்படுகிறது. பெரிய அமைப்புகளில் பயன் காட்டிய அளவுகோல் சிறிய அமைப்புகளில் அதே பயனைக் காட்டவில்லை என்னும் கள முடிவு, அளவுகோலைப் பொருளுக்கேற்ப அமைக்க வேண்டியதை உணர்த்துகிறது. ஏரியான் 5 நிகழ்வு, பதிவின் இருப்பும் பணியின் ஆழமும் ஒன்றல்ல என்பதை நினைவூட்டுகிறது. மதிப்பீட்டின் பயன், அது முடிந்த மறுநாள் பணியிடத்தில் எது மாறியது என்பதைக்கொண்டே அளக்கப்படுதல் வேண்டும். சிறு அமைப்புகளில் 29110 வரிசை விளைவிக்கும் மாற்றத்தை, குறிப்பாக இந்திய மொழிக் கணிமைக் குழுக்களை முன்வைத்து ஆராய்தல், இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.